செத்தால் ஜூனியர் பேர்

டாக்டருக்கு எதிராக எந்த டாக்டரும் சாட்சி சொல்ல மாட்டார். இது ஊருக்கே தெரிந்த விஷயம். கோர்ட்டுக்குப் புரியத்தான் இவ்வளவு காலம் ஆயிற்று.

புரிந்த பிறகு ஒரு சட்டம் வந்தது. ஆபரேஷன் மேஜையில் செத்துப்போனவரின் இதயத்தை, ஸ்கேன் படங்களையும் அன்றைய பதிவுகளையும் வைத்து இன்னொன்றாகக் கட்ட வேண்டும். அது திரையில் தெரியும், கைப்பிடி வழியாகத் துடிக்கும், தப்புச் செய்தால் நின்றுவிடும். இணையிதயம் என்று பெயர். உரிமம் புதுப்பிக்க வரும் டாக்டருக்கு, யாருடையது, எந்த ஆஸ்பத்திரி என்று சொல்லாமல் அதையே தேர்வாகக் கொடுப்பார்கள். அவர் செய்வதும் சொல்வதும் அந்தச் சாவு வழக்கில் நிபுணர் சாட்சியம் ஆகிவிடும். யாரைப் பற்றிப் பேசுகிறோம் என்று தெரியாதவரை டாக்டர்கள் நன்றாகவே உண்மை பேசுகிறார்கள்.

கிண்டியில் இருக்கும் மறுதகுதி மன்றத்தில் இந்த இதயங்களைக் கட்டும் வேலை எனக்கு. பெயர் நிறைமதி. எங்கள் குடும்பத்தில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். அப்பா கடலூர் துறைமுகத்தில் ஐஸ் கம்பெனியில் ஐஸ் பார் தூக்குகிறார்.

எங்களுக்கு வரும் கேஸில் பெயர் இருக்காது, எண்தான் இருக்கும். ஆனால் அந்த எண்ணைத் திறந்த அன்றே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வயதில் ஓட்டையை அடைக்க வைத்த ஒட்டு, ஒரு மூலையில் லேசாகச் சுருங்கி, உள்ளங்கை ரேகை மாதிரி ஒரு மடிப்பு. வீட்டில் இருந்த அந்த ஸ்கேன் படத்தை என் படிப்பு முடியும்வரை பார்த்துக்கொண்டே இருந்தவள் நான். என் தங்கை சுடரொளியின் நெஞ்சு அது.

சொந்தக்காரர் கேஸ் என்றால் தேர்வாளர் விலக வேண்டும், டாக்டர் விலக வேண்டும், டைப் அடிப்பவர்கூட விலக வேண்டும் என்று விதி இருக்கிறது. இதயம் கட்டுகிறவர் விலக வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. விதி எழுதியவர்கள் எங்களை ஆளாகவே கணக்கில் வைக்கவில்லை. அது எனக்கு வசதியாகப் போயிற்று.

நான் செய்தது ஒன்றுதான். காத்திருந்தேன். "சுவர் தடிமன் இன்னும் சரியா வரல" என்று சொல்லிச் சொல்லி அந்த இதயத்தை முடிக்காமல் வைத்திருந்தேன். அவளுக்குச் சிகிச்சை செய்த டாக்டர் ஆதிகேசவனுக்கு உரிமம் புதுப்பிக்கும் முறை வந்த வாரம் முடித்துக் கொடுத்தேன்.

ஒருவர் செய்த கேஸை அவருக்கே தேர்வாகக் கொடுக்காமல் மென்பொருள் தடுக்கும். ஆஸ்பத்திரி ரெக்கார்டில் இருக்கும் பெயரைப் பார்த்துத்தான் அது தடுக்கும். ஆதிகேசவனின் யூனிட்டில் ஒரு பழக்கம் உண்டு. நோயாளி பிழைத்தால் ஆபரேட்டர் பெயர் சீஃப். செத்தால் ஆபரேட்டர் பெயர் ஜூனியர். வார்டுபாய் முதல் டீன் வரை எல்லோருக்கும் தெரிந்த பழக்கம். என் தங்கை கேஸில் இருந்த பெயர், அங்கே பயிற்சியில் இருந்த டாக்டர் மெர்லின்.

அதனால் மென்பொருள் எதையும் தடுக்கவில்லை. சட்டப்படி, முறைப்படி, சுடரின் நெஞ்சு ஆதிகேசவனுக்கே போனது.

*

சுடர் பிறக்கும்போதே நெஞ்சில் கோளாறு. அழுதால் உதடு நீலமாகும். மூன்று வயதில் ஆபரேஷன் செய்து ஓட்டையை அடைத்தார்கள், நுரையீரலுக்குப் போகும் பாதையை வெட்டி அகலமாக்கினார்கள். "முழுசா சரியாயிடுச்சு, இனிமே பயமே இல்ல" என்று சொல்லி அனுப்பினார்கள். வருஷா வருஷம் காட்டச் சொன்னார்களா என்றால், இல்லை. முழுசா சரியான பிள்ளையை யார் எதற்கு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவார்கள்? அப்படி அகலமாக்கிய பாதையில் வால்வு ஒழுகும், வளர்ந்தபின் இன்னொரு வால்வு வைக்க வேண்டியிருக்கும் என்பது அந்த ஆபரேஷன் செய்தவர்களுக்குத் தெரியும். எங்களிடம் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

பிளஸ் டூ முடித்த வருஷம் அவளுக்கு மாடிப்படி ஏற முடியவில்லை. ஆதிகேசவனிடம் போனோம். நெஞ்சைத் திறக்க வேண்டாம், தொடையில் ஊசித் துளை போட்டு, குழாய் வழியாக வால்வை ஏற்றி வைத்துவிடலாம், மறுநாள் வீட்டுக்குப் போகலாம் என்றார். காலையில் சிரித்துக்கொண்டே உள்ளே போனாள். மதியத்துக்கு முன்னால் பிணம்.

வெளியே வந்த ஆதிகேசவன் அப்பாவின் முகத்தைப் பார்த்துச் சொன்னது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது. "இத்தனை வருஷம் எங்கய்யா போயிருந்தீங்க? காலம் கடந்து கொண்டு வந்தா, டாக்டர் என்ன கடவுளா?" சொல்லிவிட்டுக் கோட்டைக் கழற்றி, சட்டையைச் சரிசெய்துகொண்டு போனார். அன்று அவருக்கு எங்கோ பாராட்டு விழா. போர்டிகோவில் கார் உறுமிக்கொண்டு நின்றது.

அப்பா அதை நம்பினார். நான் எத்தனை முறை சொல்லியும் நம்பினார். "நான்தான் பாப்பா வுட்டுட்டேன். வருஷத்துக்கு ஒருதரம் காட்டியிருக்கணும்" என்பார். சோற்றில் கை வைத்துக்கொண்டே சொல்வார். சாப்பிடவும் மாட்டார், எழவும் மாட்டார். அவர் பெயரில் வழக்குப் போட்டது நான். கையெழுத்து மட்டும் போட்டார். "எம்மேல தப்ப வச்சுக்கினு யார்மேல கேசு போடற?" என்று கேட்டார்.

இந்தத் தேர்வோடு வழக்கு முடியும். டாக்டர் தரப்பில் தப்பில்லை என்று சாட்சியம் வந்தால் மறுபடி திறக்க முடியாது. தன் தப்பு என்று நம்பியே அப்பா சாவார்.

*

தேர்வுக்கு முந்திய வாரம் டாக்டர் மெர்லின் என்னைத் தேடி மன்றத்துக்கு வந்தார். வழக்கில் பெயர் உள்ளவர் என்பதால் அவருக்கு நோட்டீஸ் போயிருந்தது. கேண்டீனில் இருவரும் உட்கார்ந்தோம். கன்னியாகுமரிப் பக்கம் குழித்துறைக்காரர். ஒல்லியாக, தூங்காத கண்ணோடு இருந்தார்.

"நீங்க கட்டின இதயம்தானே? யாரு பாக்கப் போறா அதை?"

"சொல்லக்கூடாது டாக்டர்."

"சரி, எனக்க நிலைமையாவது சொல்லுங்க. தப்புன்னு வந்தா நான் உள்ள போவேனா?"

"போவீங்க. ரெக்கார்டுல உங்க பேருதான் இருக்கு."

அவர் டீ கிளாசை நகர்த்தினார். "நான் அந்தப் பிள்ளையத் தொடவேயில்ல பாத்துக்கிடுங்க. பக்கத்துல சாயம் ஏத்துற சிரிஞ்சப் புடிச்சிட்டு நின்னேன். பலூன் ஊதிப் பாக்கலியா சார்னு கேட்டேன். வாய மூடுன்னாரு."

"அது என்ன பலூன்?" என்று தெரியாத மாதிரி கேட்டேன். அவர் வாயால் கேட்க வேண்டும் எனக்கு.

"வால்வு வைக்கிற இடத்துக்கு ஒட்டினாப்ல, இதயத்துக்கே ரத்தம் குடுக்கிற குழாய் ஓடும். சில பேருக்கு ரொம்பக் கிட்ட இருக்கும். வால்வு விரிஞ்சா அதை நசுக்கிரும். நசுங்கிச்சின்னா ஆளு காலி. அதனால முதல்ல வெறும் பலூனை அங்க ஊதி, அந்தக் குழாயில சாயம் விட்டுப் படம் எடுத்துப் பாக்கணும். சாயம் நின்னா வால்வு வைக்கப்பிடாது, நெஞ்சைத் திறந்துதான் செய்யணும். சின்ன வேலை. அன்னைக்கு அவருக்கு நேரமில்ல."

"இத அன்னைக்கே விசாரணையில சொல்லியிருக்கலாமே?"

"எனக்க அப்பா ரப்பர் பால் வெட்டப் போறவரு. வீட்டுல நான்தான் முதல்ல படிச்சவ. வாயத் தொறந்திருந்தா என்னைய பரீட்சையே எழுத விட்டிருக்க மாட்டாரு. உங்களுக்கு அது புரியாது."

"எனக்கு அதுதான் டாக்டர் நல்லா புரியும். எங்கப்பாவும் கைநாட்டுக்கு ஒரு படி மேல. அதுக்காக நான் அடுத்தவங்க வீட்டுப் பொணத்துக்குக் கையெழுத்துப் போடல."

அவர் முகம் சுண்டிப்போனது.

"நான் இப்பவும் வாயத் தொறக்கலைன்னா?"

"ஜெயிலுக்குப் போவீங்க. நான் வருத்தப்பட மாட்டேன். தேர்வு அன்னைக்கு வந்து கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால உக்காருங்க. உங்களுக்கு அந்த உரிமை இருக்கு."

டீயைக் குடிக்காமலே எழுந்து போனார்.

*

தேர்வு அறை சின்னது. நடுவில் மேஜை, மேஜைமேல் இரண்டு கைப்பிடிகள், எதிரே சுவர் அளவுக்குத் திரை. ஒரு பக்கம் மூன்று தேர்வாளர்கள். தலைவர் பேராசிரியர் உமையாள். குழந்தை இதய மருத்துவத்திலேயே தலை நரைத்தவர். பின்னால் கண்ணாடித் தடுப்பு. அதற்கு அந்தப் பக்கம் இருப்பவர்களை உள்ளே இருந்து பார்க்க முடியாது. அங்கே மெர்லின் மட்டும். அப்பாவை அழைத்தேன், வரவில்லை.

ஆதிகேசவன் கல்யாண வீட்டுக்குள் நுழைகிற மாதிரி நுழைந்தார்.

"என்ன மேடம், எனக்கே பரீட்சையா? உங்களுக்கே சிரிப்பு வரல?" உமையாளிடம் சொல்லிவிட்டு என் பக்கம் திரும்பினார். "ஏம்மா பொண்ணு, ஏசியக் கூட்டி வை. இங்க யாருக்கு வேர்க்கணும், எனக்கா பேஷண்டுக்கா?"

கூட்டினேன். இதயத்தை ஓட விட்டேன்.

கைப்பிடிகளைப் பிடித்தார். சுடரின் துடிப்பு அவர் உள்ளங்கையில் போய் மோதுவதைப் பார்த்தேன். நான் அதில் எதையும் கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. அவளுடையது எப்படியோ அப்படியே.

"பொண்ணு. பதினெட்டு இருக்கும்" என்றார் உடனே. "சின்ன வயசுல ரிப்பேர் பண்ணின நெஞ்சு. நல்லா தச்சிருக்கான், பலே. இப்ப வால்வு ஒழுகி வலது பக்கம் பெருத்திருக்கு. டெக்ஸ்ட்புக் கேஸ்."

என்னால் மறுக்க முடியாது. அவர் கை அழகான கை. தொடையிலிருந்து வயர் ஏறி, வளைந்து, வலது அறைக்குள் நுழைந்து, ஒரே சுழற்றில் நுரையீரல் பாதைக்குப் போனது. எங்கும் இடிக்கவில்லை. இத்தனை நல்ல கையை வைத்துக்கொண்டா!

அவருக்கு அடையாளம் தெரியவில்லை. மூலை மடிந்த அந்த ஒட்டைக் கடந்துதான் வயர் போனது. பார்த்தார், கடந்தார். ஒருமுறை தன் கையில் நின்றுபோன இதயம் என்று எதுவும் அவருக்குச் சொல்லவில்லை.

பலூனை ஊதினார். ஆமாம், ஊதினார். இன்று எந்தக் காரும் காத்திருக்கவில்லை, மூன்று பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சாயம் விட்டார். கறுப்புக் கோடாக இறங்கிய சாயம் பலூன் பக்கத்தில் வந்ததும் நின்றது.

"நிறுத்து. முடிஞ்சுது" என்று கைப்பிடியை விட்டார். "குழாய் நசுங்குது. இங்க வால்வு வைக்கக்கூடாது. சர்ஜரிக்கு அனுப்பணும். அவ்ளோதான். காபி கிடைக்குமா?"

"மூணு கேள்வி இருக்கு டாக்டர்" என்றார் உமையாள். "இந்தப் பலூன் சோதனையச் செய்யாம ஒருத்தர் வால்வு வச்சிருந்தா?"

"வைக்க மாட்டாங்க மேடம்."

"வச்சிருந்தா?"

"அவன் டாக்டர் இல்ல, கசாப்புக்கடைக்காரன். எழுதிக்கோங்க. எங்கிட்ட இருந்தா அன்னைக்கே கோட்டைக் கழட்டி அனுப்பியிருப்பேன்."

"சர்ஜரிக்கு அனுப்பியிருந்தா பிழைச்சிருப்பாங்களா?"

"நிச்சயமா. தசை இன்னும் நல்லா இருக்கு."

"குடும்பம் பல வருஷம் காட்டாம விட்டுட்டாங்க, காலம் கடந்துதான் வந்தாங்கன்னு ஆஸ்பத்திரி தரப்புல சொல்றாங்க. சாவுக்கு அது காரணமா?"

சிரித்தார். "இது பழைய பாட்டு மேடம். பேஷண்ட் போயிட்டா குடும்பத்து தலையில கட்டறது. இந்த நெஞ்சு இன்னும் பத்து வருஷம் ஓடியிருக்கும். அவங்கமேல துளித் தப்பு இல்ல."

பதிவு ஓடுகிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டேன்.

உமையாள் முத்திரை வைத்த உறையைப் பிரித்துப் படித்தார். "நோயாளி சுடரொளி, தந்தை கோவிந்தன், கடலூர்." பிறகு ஆஸ்பத்திரியின் பெயர். பிறகு, "சிகிச்சை செய்தவர், டாக்டர் மெர்லின்."

ஆதிகேசவன் கேட்டு வாங்கிய காபிக் கோப்பையைக் கீழே வைத்தார். சத்தம் வரவில்லை, அவ்வளவு மெதுவாக வைத்தார்.

"விதிப்படி கேக்கணும். இந்தச் சிகிச்சையில உங்களுக்கு முன்தொடர்பு உண்டா? உண்டுன்னா இந்தச் சாட்சியம் செல்லாது. மறைச்சா சாட்சியம் நிக்கும், மறைச்ச குத்தமும் சேரும்."

உண்டு என்றால் தப்பிக்கலாம். ஆனால் கை வைத்தது நான்தான் என்று சொன்னதாகும். அவர் யோசிப்பதை நான் பார்த்தேன். நெற்றியில் ஒரு நரம்பு மட்டும் அசைந்தது.

"என் யூனிட். அவ்வளவுதான். செஞ்சது நான் இல்ல. ரெக்கார்ட்ல இருக்கறதுதான்." கொஞ்சம் நிறுத்தி, வருத்தமான குரலில் சேர்த்துக்கொண்டார். "கத்துக்கிட்டிருந்த பொண்ணு. அவசரப்பட்டுட்டா. இந்தக் காலத்துப் பசங்க."

கண்ணாடிக் கதவு திறந்து மெர்லின் வந்தார். கத்துவார் என்று நினைத்தேன். ஏதாவது ஒரு வார்த்தை, "பொய்" என்றாவது. அவரோ நேராக உமையாள் முன்னால் போய் நின்று, "மேடம், நான் ஒருதரம் இதைப் புடிச்சுப் பாக்கட்டா?" என்று கேட்டார்.

"எதுக்கும்மா?"

"நான் செஞ்சேன்னு எழுதியிருக்கே. திரும்பச் செஞ்சு காட்டுறேன்."

உட்கார்ந்து கைப்பிடிகளைப் பிடித்தார். வயரை ஏற்றினார். அது ஈரலுக்குப் போகும் குழாயில் நுழைந்தது. இழுத்தார். மறுபடி ஏற்றினார், மறுபடி அங்கேயே போனது. எப்படியோ இதயத்துக்குள் வந்தபோது சுவரில் இடித்தது, துடிப்பு தாறுமாறாகி மணி அடித்தது. வலது அறையிலிருந்து வெளியேறும் வாசலை அவரால் கண்டுபிடிக்கவே முடியவில்லை. பார்க்கச் சகிக்கவில்லை. தேர்வாளர் ஒருவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஒரு டாக்டர் மூன்று பேராசிரியர்கள் முன்னால் தனக்கு ஒன்றும் தெரியாது என்று நிரூபித்துக்கொண்டிருந்தார்.

"நிறுத்துங்க" என்றார் உமையாள். "எத்தனை கேஸ் செஞ்சிருக்கீங்க?"

"ரெக்கார்டுல பதினொண்ணு மேடம். பதினொண்ணும் செத்தது. பொழச்ச கேஸ் ஒண்ணுகூட எனக்க பேருல கிடையாது. அது எப்படின்னு இதுவரைக்கும் யாரும் கேக்கல." கைப்பிடியை விட்டார். "ஒருநாள்கூட இதை எனக்க கையில தந்ததில்ல. அந்தப் பிள்ள செத்த மாதிரி சாகடிக்கிறதுக்கும் கைப்பழக்கம் வேணும் மேடம். என்னால அதுகூட முடியாது."

"நடிக்கிறா" என்றார் ஆதிகேசவன். "ட்ராமா. இதெல்லாம் எவிடன்ஸா?"

யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானே போட்டேன். திரையை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் அன்று சுடரின் உடம்புக்குள் வயர் போன பதிவு. மறு பாதியில் சற்றுமுன் ஆதிகேசவன் செய்தது. இரண்டும் ஒன்றாகக் கிளம்பின. ஒரே வளைவு, ஒரே இடத்தில் ஒரு சின்ன தயக்கம், ஒரே சுழற்று. இரட்டைப் பிள்ளைகள் கைகோத்துப் போவது மாதிரி. பலூன் வர வேண்டிய இடத்தில் மட்டும் அன்றைய பதிவு பலூன் இல்லாமல் நேராக வால்வுக்குப் போனது. அங்கே நிறுத்தினேன். அதற்கு மேல் நான் பார்க்க வேண்டியதில்லை.

உமையாள் கண்ணாடியைக் கழற்றினார். "டாக்டர் ஆதிகேசவன், இதைச் செஞ்சது நீங்க இல்லன்னு சொன்னீங்க. பதிவாகியிருக்கு. மாத்திச் சொல்ல விரும்பறீங்களா?"

ஆதிகேசவன் திரையிலிருந்து திரும்பினார். என்னைப் பார்த்தார். முதல் தடவையாக ஏசிக்காரியாக இல்லாமல் பார்த்தார்.

"நீ யாரும்மா? அந்தப் பொண்ணு... பேர் என்ன சொன்னாங்க?"

"இப்பத்தான் சார் படிச்சாங்க. அதுக்குள்ள மறந்துட்டீங்களா? சுடரொளி. என் தங்கச்சி. உங்க கசாப்புக்கடையில செத்தவ."

*

ஆதிகேசவனின் உரிமத்தை அன்றே நிறுத்தினார்கள். கொலைக்குச் சமமான அலட்சியம், பொய்ப் பதிவு, பொய்ச் சாட்சியம் என்று மூன்றாக விசாரணை. மற்ற பத்து சாவுகளும் திறக்கப்பட்டன. பொய்யாகக் கையெழுத்துப் போட்டதற்கு மெர்லினின் உரிமமும் போனது. வாசலில் ஆட்டோவுக்கு நின்றவர் என்னைப் பார்த்துத் தலையை மட்டும் ஆட்டினார். வருத்தப்பட மாட்டேன் என்று சொல்லியிருந்தேன். பட்டேன். அதை அவரிடம் போய்ச் சொல்லவில்லை.

மறுநாள் கடலூர் போனேன். குடும்பத்துக்குத் தரும் சாட்சியப் பதிவு போனில் இருந்தது. அப்பா வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "உக்காருப்பா" என்று சொல்லிப் போட்டுக் காட்டினேன். மூன்றாவது கேள்வியும் பதிலும் மட்டும்.

*அவங்கமேல துளித் தப்பு இல்ல.*

அப்பா இன்னொரு தடவை போடச் சொன்னார். போட்டேன். பிறகு இன்னொரு தடவை. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"இது அந்தப் பெரிய டாக்டர் குரலாச்சே. அன்னிக்கு என்னை வைஞ்சவரு."

"ஆமாம்ப்பா."

"அவரு வாயாலயே சொல்லிட்டாரா. தப்பில்லன்னு." அவர் கண்ணில் இத்தனை வருஷமாக நான் பார்க்காத வெளிச்சம் வந்தது. "பெரிய மனுஷன் பாப்பா. மனசு கேக்காம சொல்லியிருக்காரு. ஒருதரம் நேர்ல போயி கும்பிட்டுட்டு வரணும்."

அப்படியே விட்டிருக்கலாம். நிம்மதியாகச் சோறு தின்றிருப்பார். மெர்லின் அத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்ததும் அப்படி ஒரு நிம்மதிக்குத்தானே.

"அப்பா" என்றேன். முழுப் பதிவையும் முதலிலிருந்து போட்டேன். ஏசியைக் கூட்டச் சொன்னதிலிருந்து. புரியாத இடத்தில் நிறுத்தி நிறுத்திச் சொன்னேன். பலூன் என்றால் என்ன, ஏன் ஊதவில்லை, யார் பெயரை எழுதினார்கள், எந்தப் பொண்ணு மேல் பழி போட்டார்.

முடிந்தபின் அப்பா தன் கைகளைப் பார்த்தார். ஐஸ் தூக்கித் தூக்கி மரத்துப்போன கைகள். கம்பெனியிலிருந்து போன் வந்தது. எடுக்கவில்லை.

"விசாரணைல நம்ம ஆளுங்க பேச வுடுவாங்களா?"

"விடுவாங்கப்பா. போயி பேர் குடுத்தா போதும், குடும்பத்துல ஒருத்தர் அவர நேருக்கு நேரா கேக்கலாம்."

"நீ கேக்காத. உனக்குக் கோவம் வந்துடும், கத்திடுவ." எழுந்து வேலைக்குப் போடும் பனியனைக் கழற்றிக் கொடியில் போட்டார். "நான் கத்த மாட்டேன். அந்த வெள்ளைச் சட்டைய எடு."

எடுத்துக் கொடுத்தேன்.